சமூகத் தொடர்புத் திறன் சோதனையைத் தாய்லாந்து மாணவர்களுக்கு மொழிபெயர்த்தால் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். பாங்காக்கில் ஒரு இருமொழிப் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருக்கிறீர்கள். பள்ளியில் புழக்கத்தில் இருக்கும் ஆங்கிலச் சமூகத் தொடர்புத் திறன் சோதனை ஒன்றை, அதாவது ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்றபடி பிள்ளை பேசிப் பழகுகிறதா என்று பார்க்கும் சோதனையை, உள்ளூர் உதவி ஆசிரியை ஒருவரின் துணையோடு அந்த ஊர் மொழியில் பெயர்த்து, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கும் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கும் வைத்துப் பார்த்தீர்கள். இருவருக்கும் மிகக் குறைந்த மதிப்பெண். பையனின் வகுப்பாசிரியையும் பெற்றோரும் "நல்ல மரியாதையான பிள்ளை, ஒரு குறையும் இல்லை" என்று அடித்துச் சொல்கிறார்கள். சிறுமியைப் பற்றி யாரும் எதுவுமே சொல்லவில்லை. மொழிபெயர்ப்பில் தவறு இருக்குமா என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: வந்திருக்கும் எண்ணை நம்பி இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு முடிவு எழுதலாமா? அதற்குப் பதில், கூடாது. மொழிபெயர்ப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளும்.

நான் பேச்சு-மொழி சிகிச்சையாளர். சென்னையில் படித்துவிட்டு, ஒன்பது வருடம் பாங்காக்கில் உள்ளூர்ச் சிகிச்சையாளர்களோடு சேர்ந்து வேலை பார்த்தேன். அந்த மொழியைப் பேசுவேன், ஆனால் என் தொனியைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்காத நாள் கிடையாது. அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழியின் அமைப்பு பற்றியும் சோதனைகளைத் தயாரிக்கும் முறை பற்றியும் கீழே சொல்பவை உறுதியானவை. "நான் பார்த்தவரை" என்று தொடங்குபவை ஒரு சிகிச்சையாளரின் அனுபவம் மட்டுமே, அவற்றை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு சின்ன விஷயம்: "தாய் மொழி" என்று எழுதினால் தமிழில் அர்த்தமே மாறிவிடுகிறது. அதனால் எல்லா இடத்திலும் தாய்லாந்து மொழி என்றே எழுதுகிறேன்.

சொல்வளச் சோதனை ஒன்றை மொழிபெயர்த்தால், சொல் தவறாகப் போகலாம், அவ்வளவுதான். பூனைப் படத்துக்குப் பூனை என்று சொன்னால் சரி என்பதில் எந்த ஊரிலும் சந்தேகமில்லை. சமூகத் தொடர்புச் சோதனையில் அப்படியில்லை. இங்கே விடைக்குறிப்பு ஒரு சமூகத்தின் பழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. "பெரியவர் ஒருவர் உன் பெயரைத் தவறாகச் சொல்கிறார். என்ன செய்வாய்?" என்ற கேள்வியை எந்த மொழியிலும் பிழையில்லாமல் பெயர்த்துவிடலாம். "பணிவாகத் திருத்துவேன்" என்றால் இரண்டு மதிப்பெண், "ஒன்றும் சொல்லமாட்டேன்" என்றால் பூஜ்யம் என்று பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறதே, அதை எப்படிப் பெயர்ப்பது? அப்புறம், அந்த எண்ணுக்கே ஒரு வேர் உண்டு. எந்த வயதில் எவ்வளவு மதிப்பெண் இயல்பு என்று காட்டும் அட்டவணையை, சராசரி 100, திட்ட விலகல் 15 என்று போட்டது வேறொரு நாட்டுப் பிள்ளைகளைச் சோதித்து. கேள்வியை மொழிபெயர்த்த அந்த நிமிடமே அட்டவணை செல்லாது. ஒரு கேள்வியைக்கூட மாற்றாமல் வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தாலும் அதே கதைதான். இதில் நிபுணர்களிடையே இரண்டு கருத்து கிடையாது.

அதற்காக எல்லாமே ஊருக்கு ஊர் மாறும் என்றும் சொல்லிவிடக் கூடாது. சில திறன்கள் எல்லை தாண்டியும் செல்லும். தான் பார்த்த ஒன்றைச் சுட்டிக்காட்டி அடுத்தவரையும் பார்க்க வைப்பது, கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்தது எது, தெரியாதது எது என்று ஊகித்துக் கதை சொல்வது, எதிராளிக்குப் புரியவில்லை என்று கண்டுகொண்டு வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பது, பேச்சில் மாறி மாறி இடம் விடுவது. இவற்றை எந்த ஊர்ப் பிள்ளையிடமும் எதிர்பார்க்கலாம். 1985இல் வெளிவந்த சாலி-ஆன் சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறாள், ஆன் அதை எடுத்துப் பெட்டியில் போடுகிறாள், திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? அந்த ஆய்வில் ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் தவறாகச் சொன்னார்கள். இந்த மாதிரிச் சோதனையில் பெயரையும் பொருளையும் மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது, ஏனென்றால் அது கேட்பது அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை மட்டும். ஆனால் "இதில் யார் சொல்லக்கூடாததைச் சொன்னது?" என்று கேட்கும் கதைகள் அப்படியில்லை. எது சொல்லக்கூடாதது என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது. ஆகவே உங்கள் சோதனையை எடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் இந்த இரண்டு கூடைகளில் ஒன்றில் போட்டுப் பாருங்கள். இரண்டாவது கூடைதான் நிரம்பும்.

அந்தக் கூடையில் எனக்கு மிகவும் தலைவலி கொடுத்தது நான், நீ என்ற சொற்கள். ஆங்கிலச் சோதனைகளில் பிள்ளை தன்னைத் தன் பெயராலேயே சொல்லிக்கொள்வதும், 'நான்' வரவேண்டிய இடத்தில் 'நீ' சொல்வதும் ஆட்டிசத்தின் அறிகுறிகளாகக் குறிக்கப்படும். தாய்லாந்து மொழியில் பிள்ளை தன்னைத் தன் செல்லப்பெயரால் சொல்லிக்கொள்வது வெகு இயல்பு, வளர்ந்த பெண்கள்கூட அப்படிப் பேசுவார்கள். ஆசிரியையிடம் பேசும்போது சிறுமி தன்னை 'நூ' என்பாள். அதற்கு எலி என்று பொருள், நாம் குட்டி என்பதுபோல. ஆசிரியை தன்னை 'நான்' என்று சொல்லாமல் 'க்ரூ' என்பார், நம் குருதான் அங்கே போய் அப்படி ஆகிவிட்டது. அம்மா தன்னை 'மே', அதாவது அம்மா என்பாள். மூத்தவர் 'பீ', இளையவர் 'நோங்'. வீட்டில் கடைசிப் பிள்ளை தன்னையே 'நோங்' என்று சொல்லிக்கொண்டு வளரும். இப்போது யோசித்துப் பாருங்கள். அம்மா அவனை 'நோங்' என்று கூப்பிடுகிறாள், அவனும் தன்னை 'நோங்' என்கிறான். அம்மா சொன்னதை அப்படியே எதிரொலிக்கிறானா, சரியான சொல்லைச் சரியான இடத்தில் போடுகிறானா? அந்த ஒரு வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆங்கிலச் சோதனைக்கு இந்தக் கேள்வியே தோன்றாது.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி மிகவும் எளிது. அந்தப் பிள்ளையைவிடச் சின்னக் குழந்தை ஒன்றை அறைக்குள் கொண்டுவருவேன். இவ்வளவு நேரம் 'நோங்'காக இருந்தவன் இப்போது 'பீ'யாக மாற வேண்டும். மாறினால், அவனுக்கு எதிரில் இருப்பவர் யார் என்ற கணக்குத் தெரிகிறது. தன்னைவிடச் சின்னதிடமும் 'நோங்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நான் பார்த்தவரை, இது அச்சடித்த சோதனையின் பத்துக் கேள்விகளைவிட அதிகம் சொல்லும். ஆனால் எத்தனை வயதில் எத்தனை பிள்ளைகள் இப்படி மாறுகிறார்கள் என்று என்னிடம் அட்டவணை இல்லை, அதனால் ஒரு சந்தேகத்தைத் தூண்டும் கருவியாகத்தான் இதை வைத்திருக்கிறேன்.

வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் சின்னச் சொற்களும் இதே ரகம். ஆண் பேசினால் 'க்ரப்', பெண் பேசினால் 'கா' என்பது உங்களுக்குத் தெரியும். பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக அம்மாக்கள் அவனிடம் பேசும்போது தாங்களே 'க்ரப்' போட்டுப் பேசுவதையும் கேட்டிருப்பீர்கள். இதைப் புரிந்துகொள்ளாத வெளிநாட்டு மதிப்பீட்டாளர் ஒருவர் அம்மாவின் பேச்சு விசித்திரமாக இருக்கிறது என்று குறிப்பு எழுதியதை நான் படித்திருக்கிறேன். 'மை பை' என்றால் போகவில்லை. 'மை பை நா' என்றால் போகவில்லை, சரியா என்று தணிவாகச் சொல்வது. 'மை பை ரோக்' என்றால் நான் போவேன் என்று நீ நினைத்தாய், அப்படியெல்லாம் இல்லை என்பது. ஆங்கிலத்தில் குரலை ஏற்றி இறக்கிக் காட்டும் மனநிலையில் ஒரு பெரிய பங்கை இங்கே இந்த ஒட்டுச்சொற்கள் சுமக்கின்றன. மொழியில் ஐந்து தொனிகள் இருக்கின்றன, தொனி மாறினால் சொல்லே மாறும், ஆகவே குரலின் ஏற்ற இறக்கத்தில் பாதி சொல்லின் பொருளுக்கே செலவாகிவிடுகிறது. குரலில் கிண்டலே காட்ட முடியாது என்று சொல்லவில்லை, காட்டுவார்கள். ஆனால் ஆங்கில ஒலிப்பதிவைக் கேட்டு அதே ஏற்ற இறக்கத்தோடு தாய்லாந்து மொழியில் நடித்துப் பதிவுசெய்தால் கிண்டலும் வராது, சில இடங்களில் சொல்லும் வேறாகிவிடும். உங்கள் சோதனையில் "இவர் நிஜமாகச் சொல்கிறாரா, கேலி செய்கிறாரா?" என்ற பகுதி இருந்தால் அதை மொழிபெயர்க்க வேண்டாம். உள்ளூர்ப் பிள்ளைகள் கேலி செய்வதைக் கேட்டு, அதிலிருந்து புதிதாக எழுத வேண்டும்.

உடம்பு மொழிக்கு வருவோம். கைகூப்பும் வணக்கத்தை அவர்கள் 'வாய்' என்பார்கள். சிறியவர் முதலில் செய்ய வேண்டும். சமவயதினருக்கு விரல் நுனி மோவாய் அருகில், ஆசிரியருக்குக் கட்டைவிரல் மூக்கருகில், பிக்குவுக்குக் கட்டைவிரல் புருவங்களுக்கு நடுவில். பெரியவரிடமிருந்து எதையாவது வாங்கும் குழந்தை முதலில் கைகூப்பிவிட்டு, அப்புறம்தான் வாங்கும். வாயால் நன்றி சொன்னானா என்று மட்டும் பார்க்கும் விடைக்குறிப்பு இதை எங்கே எழுதும்? (நம் வீடுகளிலும் அம்மா சாதம் போட்டால் யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் அம்மா சந்தேகமாகப் பார்ப்பாள்.) திட்டு வாங்கும்போது சங்கடத்தில் புன்னகைப்பது, பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் குனிந்து கடப்பது, கண்டிக்கும் ஆசிரியரின் கண்ணைப் பார்க்காமல் இருப்பது, இவையெல்லாம் ஒழுங்காக வளர்ந்த பிள்ளையின் அடையாளங்கள். சோதனை இவற்றைப் பொருத்தமற்ற முகபாவம், கண்தொடர்பு இல்லை என்று கழித்துக்கொண்டே போகும். மறுபக்கம், "எங்கே போய்விட்டு வருகிறீர்கள்?", "சாப்பிட்டாயிற்றா?", "உங்கள் வயது என்ன?" என்று கேட்டால் சில ஆங்கிலப் பட்டியல்களில் அது அளவுமீறிய கேள்வி. தாய்லாந்தில் முதல் இரண்டும் வணக்கத்துக்குச் சமம், நமக்குத் தெரியாததா. மூன்றாவது தெரியாமல் எதிராளியை 'பீ' என்பதா 'நோங்' என்பதா என்றே முடிவு செய்ய முடியாது.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடுவது 'க்ரேங் ஜை' என்பார்களே, அது. ஜை என்றால் மனம். அடுத்தவருக்குத் தொந்தரவு வருமே, அவர் மனம் சங்கடப்படுமே என்று தயங்குவது. ஆசிரியர் பாடம் நடத்தும்போது புரியவில்லை என்று கைதூக்காமல் இருப்பது இதனால். வேண்டாம் என்று நேராகச் சொல்லாமல் நழுவுவது இதனால். "உதவி கேட்கிறானா?", "மாற்றுக் கருத்தைச் சொல்கிறானா?", "பெரியவர்களிடம் தானாகப் பேச்சைத் தொடங்குகிறானா?" என்ற மூன்று கேள்விகளிலும் உங்கள் பையன் பூஜ்யம் வாங்கியிருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. அவன் ஆசிரியை மரியாதையான பிள்ளை என்று சொல்வதும் அதே மூன்று காரணங்களுக்காகத்தான் இருக்கக்கூடும்.

படங்களையும் உவமைகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே கவனித்திருப்பீர்கள். பனிமனிதன், மஞ்சள் பள்ளிப் பேருந்து, டப்பாவில் சாண்ட்விச் எல்லாம் போகட்டும். காலை எட்டு மணிக்குக் கொடியேற்றத்துக்கு வரிசையில் நிற்பது, செருப்பைக் கழற்றிவிட்டு வகுப்புக்குள் போவது, ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை ஆசிரியர்களுக்குப் பூத்தட்டு வைத்து வணங்குவது, இவை அந்தப் பிள்ளைகளின் நாட்கள். மரபுத்தொடர்களில் ஒரு பொறி இருக்கிறது. மிளகாய்த் துவையல் அரைத்து ஆற்றில் கரைப்பது என்று ஒரு பழமொழி உண்டு, கடலில் கரைத்த பெருங்காயம் என்று நாம் சொல்வதேதான். வெட்டுக்கிளி பிடிக்க யானை மேல் போவது என்று இன்னொன்று. ஆங்கிலத் தொடரை எடுத்துவிட்டு இவற்றைப் போடலாம். ஆனால் எது எந்த வயதில் புரியும் என்பது வேறு வேறு. பழைய தொடர் எட்டு வயதுக்கானது என்றால் புதியதும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. உணர்ச்சிச் சொற்களிலும் கவனம் வேண்டும். 'நொய் ஜை' என்றால் எழுத்துப்படி சின்ன மனம். நெருங்கியவர் நம்மைக் கவனிக்கவில்லையே என்ற மனத்தாங்கல். தோழி தன்னை விட்டுவிட்டு விளையாடப் போன படத்தைக் காட்டி "இவளுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டபோது ஒரு சிறுமி என்னிடம் இதைத்தான் சொன்னாள். விடைக்குறிப்பில் சோகம், கோபம் என்று இரண்டுதான் இருந்தன. அவள் சொன்னது இரண்டையும்விடச் சரியான விடை.

தாய்லாந்து மொழி பேசும் மாணவர்கள் என்று ஒரே மூட்டையாகக் கட்டவும் முடியாது. ஈசான் எனப்படும் வடகிழக்குப் பகுதியிலிருந்து வந்த குடும்பம் வீட்டில் லாவோ மொழிக்கு நெருங்கிய பேச்சைப் பேசும். பள்ளிக்கு மத்திய தாய்லாந்துப் பேச்சில் 'ரோங் ரியன்' என்றால் அவர்கள் 'ஹோங் ஹியன்' என்பார்கள், தொனிகளும் வேறு. பாங்காக் பிள்ளைகளே சாதாரணப் பேச்சில் 'க்ரப்' என்பதை 'கப்' என்றுதான் சொல்வார்கள், அது உச்சரிப்புக் குறை இல்லை. பட்டாணி, யாலா, நராதிவாட் மாகாணங்களின் மலாய் முஸ்லிம் குழந்தைகளுக்கு வீட்டு மொழியே வேறு, வணக்கமும் சலாம். அவர்களுக்குக் கைகூப்பும் கேள்வியை வைத்தால் ஆங்கிலச் சோதனை செய்த அதே தவறை நாம் தாய்லாந்து மொழியில் செய்கிறோம். மகிடோல் பல்கலைக்கழகம் அங்கே பட்டாணி மலாயிலும் தாய்லாந்து மொழியிலும் சேர்த்துக் கற்பிக்கும் திட்டம் நடத்தி, 2016இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு வாங்கியது. வீட்டு மொழியை விட்டுவிட்டுப் பிள்ளையை மதிப்பிட முடியாது என்பதை அந்த நாட்டுக்காரர்களே நன்றாக அறிவார்கள். உங்கள் பள்ளி மாதிரி இருமொழிப் பள்ளிகளில் இன்னொரு சிக்கல்: காலையில் ஆங்கில ஆசிரியர் "கண்ணைப் பார்த்துப் பேசு" என்பார், மதியம் உள்ளூர் ஆசிரியை அதையே திமிர் என்பார். இரண்டு அறையிலும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும் பிள்ளைக்குச் சமூகத் திறன் குறைவு என்று எழுதினால் அது பெரிய வேடிக்கை.

சரி, முறையாக மாற்றியமைக்க என்ன செய்வது? சர்வதேசச் சோதனை ஆணையம் 2017இல் இரண்டாம் பதிப்பாக வெளியிட்ட 18 வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. அதில் முதலாவதே காப்புரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்குவது. இதைச் சொல்ல எனக்கும் சங்கடம்தான், ஆனால் நீங்கள் செய்தது அந்தப் படியைத் தாண்டிக் குதித்தது. விலைக்கு விற்கும் சோதனையைப் பதிப்பகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பெயர்த்துப் பயன்படுத்தக் கூடாது. இரண்டாவது, அளக்கப்போகும் விஷயம் இரண்டு சமூகங்களிலும் போதுமான அளவு ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது. பெரும்பாலானோர் இதை விட்டுவிட்டு நேரே மொழிபெயர்ப்பாளரைத் தேடுகிறார்கள். அப்புறம் இரண்டு பேர் தனித்தனியாகப் பெயர்ப்பது, இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவது, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது, நிபுணர் குழு, முப்பது நாற்பது பேரிடம் முன்னோட்டம். திரும்பப் பெயர்ப்பதில் எல்லாரும் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கிறார்கள். யாரும் பேசாத மொழியில் வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்திருந்தால், அது திரும்பி வரும்போது மூலத்தோடு அச்சு அசலாகப் பொருந்தும். மோசமான மொழிபெயர்ப்பு ஜெயிக்கும் பரீட்சை அது.

இதையெல்லாம் செய்யும்போதும் 'க்ரேங் ஜை' குறுக்கே வரும், அதை யாரும் எச்சரிப்பதில்லை. "இந்தக் கேள்வி புரிகிறதா?" என்று ஆசிரியைகளிடம் கேட்டால் புரிகிறது என்பார்கள். "நன்றாக இருக்கிறதா?" என்றால் மிக நன்று என்பார்கள். நான் மூன்று மாதம் இப்படி ஏமாந்திருக்கிறேன். பிறகு கேட்கும் விதத்தை மாற்றினேன். "வேறு பள்ளியில் உள்ள ஆசிரியைக்கு இதில் எந்த இடம் குழப்பும்?" என்று கேட்டதும் வரிசையாக வந்து விழுந்தது. எப்போதாவது, சில சமயம், அடிக்கடி என்ற அளவுகோலிலும் எல்லாரும் நடுவிலேயே நின்றார்கள். "போன வாரம் எத்தனை முறை?" என்று மாற்றியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. இன்னொன்று, நல்ல பிள்ளை எப்படி இருக்கும் என்று அவர்கள் சொல்லும் சொற்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி இரண்டு சொற்கள் வரும். ஒன்று 'மாரயாத்', நம் மரியாதைதான். இன்னொன்று 'காலதேசா'. காலமும் தேசமும், அதாவது எந்த நேரத்தில் எந்த இடத்தில் எதைச் செய்யலாம் என்ற அறிவு. "காலதேசா தெரியாத பிள்ளை" என்று ஒரு ஆசிரியை சொன்னால், உடனே உதாரணம் கேளுங்கள். உங்கள் சோதனைக்கு வேண்டிய கேள்விகள் அந்த உதாரணங்களில் இருக்கின்றன.

முழுச் சோதனையைத் தயாரிக்க வருடங்கள் ஆகும். உங்களுக்கு இந்த மாதமே இரண்டு பிள்ளைகளைப் பற்றித் தெரிய வேண்டும். அதற்கு நான் செய்வது "நாலு பேர் முன்னால்" என்று பெயர் வைத்திருக்கும் ஒரு சின்ன ஏற்பாடு. சோதனை என்று சொல்லும் தகுதி அதற்கு இல்லை. ஒரே வேலையை, உதாரணமாக ஒரு பென்சிலை இரவல் கேட்பதை, பிள்ளை நாலு பேரிடம் செய்ய வேண்டும்: தன்னைவிடச் சின்னக் குழந்தை, வகுப்புத் தோழன், ஆசிரியை, பாட்டி வயதுள்ள ஒருவர். தன்னை என்னவென்று சொல்கிறான், எதிராளியை எப்படிக் கூப்பிடுகிறான், கடைசியில் என்ன ஒட்டுச்சொல், உடம்பு எப்படி இருக்கிறது என்று நாலையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதே வகுப்பில் நன்றாகப் பழகும் மூன்று பிள்ளைகளிடமும் செய்து பார்த்து ஒப்பிட வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு இருக்கும் ஒரே அட்டவணை அவர்கள்தான். மாறாத இடம் ஒன்று தென்பட்டால், அதை ஒரு இருபது நிமிடம் சொல்லிக்கொடுத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். பழக்கமில்லாததால் செய்யாத பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். நிஜமான சிரமம் உள்ள பிள்ளை, சொல்லிக்கொடுத்த ஆளிடம் மட்டும் செய்துவிட்டு அடுத்த ஆளிடம் பழையபடி நிற்கும். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது பதிவேட்டில் உள்ள நீளப் பெயரைச் சொல்லாதீர்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரு 'சூ லென்', விளையாட்டுப் பெயர் இருக்கும். அதைத்தான் பிள்ளை தன் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் நான் தவறு செய்திருக்கிறேன். பண்பாடு, பண்பாடு என்று சொல்லியே ஒரு பிள்ளையின் சிரமத்தை மூடிவிட முடியும். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. குறைந்த மதிப்பெண், அமைதியான சுபாவம். ஆசிரியைகள் அவளை 'ரியப் ரோய்' என்றார்கள். நேர்த்தியான, அடக்கமான பிள்ளை என்று பொருள். நானும் தலையாட்டிவிட்டு, இது 'க்ரேங் ஜை' என்று குறிப்பு எழுதினேன். ஒரு வருடம் கழித்து அவள் அம்மா, வீட்டில் பாட்டியிடமும் அவள் இப்படித்தான், ஒரே கார்ட்டூனின் வசனத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாள் என்று அழுதுகொண்டே சொன்னார். நான் வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. தயக்கம் என்பது பெரியவர்கள் முன்னால் வருவது. தம்பி தங்கைகளிடமும் விளையாட்டுத் திடலிலும் அது அவிழ்ந்துவிட வேண்டும். எங்குமே அவிழவில்லை என்றால் அதற்குப் பண்பாட்டைக் காரணமாகச் சொல்லக் கூடாது. அடக்கத்தைப் பாராட்டும் ஊரில் இப்படித் தப்பிப்போவது சத்தமில்லாத பெண் குழந்தைகளாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

எந்தப் பெயரைச் சூட்டுவது என்பதில் துறைக்குள்ளேயே இழுபறி உண்டு. சமூகத் தொடர்புக் கோளாறு என்று தனியாக ஒன்றை அமெரிக்க மனநல வகைப்பாடு 2013இல்தான் சேர்த்தது. அது ஆட்டிசத்திலிருந்து நிஜமாகவே தனியானதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதனால் உங்கள் அறிக்கையில் கோளாறின் பெயரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். சோதனை மூலத்திலிருந்து மாற்றப்பட்டது, அட்டவணையோடு ஒப்பிடவில்லை என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு, யார் முன்னால் என்ன செய்தான் என்பதை மட்டும் எழுதுங்கள். தாய்லாந்தின் மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம் 2008இலிருந்து இருக்கிறது, தனிப்பட்ட கல்வித் திட்டம் கேட்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு. அதற்கு உள்ளூர் மருத்துவர்களின் மதிப்பீடு உதவும். பாங்காக்கில் ராஜானுகூல் நிறுவனம் இருக்கிறது, பக்கத்துச் சமுத் பிராகானில் குழந்தை மனநலத்துக்கென்றே யுவபிரசாத் மருத்துவமனை இருக்கிறது. உங்கள் குறிப்பு அங்கே போகும்போது வெளிநாட்டுச் சோதனையின் எண்ணைவிட இந்த வர்ணனைதான் அவர்களுக்குப் பயன்படும்.

உங்கள் பையனைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. நாலு பேர் முன்னால் வைத்துப் பாருங்கள், ஒருவேளை அவன் ஆசிரியை சொன்னதே சரியாக இருக்கும். அந்தச் சிறுமியிடம்தான் முதலில் போவேன். நாளைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில், கையில் காகிதம் எதுவும் இல்லாமல், அவள் யார் பக்கத்தில் உட்காருகிறாள், யாராவது பேசினால் என்ன செய்கிறாள் என்று பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். சாயங்காலம் பாட்டியோ ஆயாவோ கூட்டிப்போக வந்தால், வீட்டில் இவள் யாரோடு அதிகம் பேசுவாள் என்று உங்கள் உதவி ஆசிரியையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.